ராத்திரி இறங்காத பிரஷர்

திருச்சுழி
9-5-75

அன்பு மகன் காளிராஜுக்கு அம்மா எழுதுவது. பிலாய் வெயிலில் இரும்பு உலைக்குப் பக்கத்தில் நிற்கிற உன்னைத் திருமேனிநாதர்தான் காக்க வேண்டும். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரமாட்டேன் என்கிறது.

தை மாதம் உன் அய்யா நெஞ்சு அடைத்து மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அருப்புக்கோட்டை டாக்டர் பார்க்கும்போதெல்லாம் பிரஷர் சரியாக இருக்கிறது என்றுதான் சொன்னார். இராமல் என்ன செய்யும், கரண்டு ராத்திரிதான் வருகிறது, விடிய விடியப் பருத்திக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, பகலில் நன்றாகத் தூங்கி எழுந்து, குளித்து, மாப்பிள்ளை மாதிரி பஸ் ஏறிப் போய்க் கையை நீட்டினால் டாக்டர் என்ன கண்டார். ராத்திரி வேலையைப் பற்றி அய்யா வாயே திறப்பதில்லை. வீட்டுக்கு வந்து, டாக்டரே சொல்லிட்டாரு ஒனக்கென்ன வந்துச்சுன்னு என்னை அடக்கிவிடுவார்கள். போன வாரம் வாய்க்காலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பக்கத்துக் காட்டுச் சின்னச்சாமிதான் வண்டி கட்டித் தூக்கி வந்தான். மறுபடி மதுரை. இந்தத் தடவை நர்சம்மா பகலிலும் பிரஷர் பார்த்தார், ராத்திரியிலும் வந்து வந்து பார்த்தார். பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, படுத்துத் தூங்கினால் எல்லாருக்கும் பிரஷர் கொஞ்சம் இறங்கும், அப்போதுதான் நெஞ்சுக்கு ஓய்வு, இவருக்கு ராத்திரி இறங்கவே இல்லை, ஏறுகிறது, ஏற்கெனவே அடிபட்ட நெஞ்சு இன்னொரு தடவை தாங்காது, மாத்திரை மட்டும் போதாது, கண் முழிக்கவே கூடாது என்றார்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியைத் தேடினார்கள். நான் அதை ஒளித்து வைத்துவிட்டுச் சின்னச்சாமியைப் பாய்ச்சச் சொன்னேன். அதிலும் பிரயோசனமில்லை, மோட்டார் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று கட்டிலில் காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறார்கள். பயிர் காய்ந்தால் காயட்டும் என்று காலைப் பிடித்துக் கெஞ்சினேன். ஏ கிறுக்கி, மகன் திரும்பி வந்து வெவசாயம் பாக்குறேன்னு எழுதிருக்கான், தரிசாப் போட்டா அவன் கையில குடுக்கச் சொல்ற என்று கத்துகிறார்கள். கத்துவதே நெஞ்சுக்கு ஆகாது என்று நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஆகையால் ராசா, கோபப்படாமல் நான் கேட்பதைச் செய். இனி ஊருக்கு வரப்போவதில்லை, இங்கேயே இருந்துகொள்கிறேன், காடு எனக்கு வேண்டாம், விற்றுவிடுங்கள் என்று அய்யாவுக்கு எழுது. மனசு ஒடியத்தான் ஒடியும், ரெண்டு நாள் சோறு இறங்காது, நான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்கிறேன். உன் மேல் வருத்தமாக இருந்தாலும் பரவாயில்லை, ஆள் இருந்தால் போதும். நீயும் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவன், ஊறுகாயைக் குறை, அங்கே டாக்டரிடம் ஒரு தடவை காட்டிக்கொள். குலசாமி உனக்கு நிறைந்த ஆயுசைத் தரட்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. வருகிற தபாலை எல்லாம் அய்யாதான் முதலில் பிரித்துப் படிப்பார்கள். அதனால், அய்யாவுக்குச் சும்மாதான் அப்படி எழுதினேன், வந்துவிடுவேன் என்று எனக்குத் தனியாக எதுவும் எழுதிவிடாதே. நீ வரமாட்டாய் என்று நானும் நம்பிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சந்தனம்மாள்