மச்சான் அடித்த மருந்து

கார்த்திகை 28, வெள்ளி

இந்தப் போகம் வயலுக்கு மருந்து அடிப்பதில்லை என்று மனைவியின் தம்பியும் நானும் பேசி வைத்திருந்தோம். பூச்சியைத் தவளை பார்த்துக்கொள்ளும் என்று மகள்தான் எங்களைச் சம்மதிக்க வைத்தாள். தனியன், குடித்தொகை, சாகியம், சூழற்றொகுதி என்று ஒற்றைத் தவளையிலிருந்து முழு வயல்வரை அவள் தன் பள்ளிப் பாடத்தைப் படிப்படியாக விளங்கப்படுத்த, எட்டாம் வகுப்போடு நின்ற நானும் எல்லாம் விளங்கியதுபோல் தலையாட்டினேன்.

நேற்று மாட்டுக்கொட்டில் கழுவவென்று மச்சான் என் மருந்தடிக்கும் மெஷினைக் கேட்டான். அறிவாளி நான், அதை அவன் முதுகில் மாட்டியும் விட்டேன்.

இன்று காலை என் வயலில் தவளைகள் செத்து மிதந்தன. அவன் வயலைத் தாண்டித்தான் எனக்குத் தண்ணீர் வருகிறது.

"என்ர வயலுக்குத்தானே அத்தான் அடிச்சனான்."

"தண்ணிக்கு வரம்பு தெரியுமோடா?"

"பூச்சியைக் கண்டு பயந்திட்டன். சொன்னால் மறிப்பியள்."

கொட்டில் கதையை எவ்வளவு நேரம் யோசித்திருப்பான்? அதுதான் நெஞ்சுக்குள் நிற்கிறது.

பள்ளிக்கூடத்தால் வந்த மகள் வரம்பில் நின்று பார்த்தாள். "நீங்கள் அடிக்க மாட்டியள்தானே அப்பா?"

மாட்டன் என்றேன்.

பின்னேரம் என் பயிரின் அடித்தண்டிலும் பூச்சி இருந்தது. தின்னத் தவளை இல்லை. மகளுக்கு இன்னும் சொல்லவில்லை.