பார்க்கக் கூடாத குழி

வின்டர்தூர், நவம்பர் 14, வெள்ளி

மகளின் பச்சோந்தி முட்டையிடாமல் தவிக்கிறது. ஆண் துணை இல்லாவிட்டாலும் முட்டை உண்டாகுமாம். மணலில் குழி தோண்டி இட்டுவிட வேண்டும், இல்லையென்றால் செத்துவிடும் என்றார் மிருக வைத்தியர். யாராவது பார்த்தால் தோண்டுவதை நிறுத்திவிடும் என்றும் சொன்னார். அதை நான் முழுதாக நம்பவில்லை.

இன்று மாலை, அதன் தீனிக்காக அதே அறையில் வளர்க்கும் சில்வண்டுகளுக்குக் கரட் வைக்கப் போனேன். பசித்தால் அவை ஒன்றையொன்று தின்னும். கண்ணாடிக் கூட்டுக்குள் பச்சோந்தி பாதி உடல் மணலில் இருக்கத் தோண்டிக்கொண்டிருந்தது. சந்தோஷத்தில் நின்று பார்த்துவிட்டேன். ஒரு கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. பிறகு குழியை விட்டுக் கிளையில் ஏறிக் கறுத்துப்போய் இருந்தது.

லொசானில் படிக்கும் மகளை அழைத்தேன்.

“ஏனம்மா பாத்தனீங்கள்? போர்வையால மூடிப்போட்டு வெளியில வாங்கோ.”

“வேற ஒண்டும் செய்யேலாதோ?”

“சும்மா இருங்கோ. அதுதானே உங்களுக்கு ஏலாது.”

பக்கத்தில் இருந்த இவர் சிரித்தார். “இவள் பிறக்கேக்கை என்னையும் நீ வெளியில போகச் சொன்னனி எல்லோ.”

மூடிவிட்டுக் கதவைச் சாத்தினேன். நறுக்கிய கரட் அப்படியே என் கையில் இருந்தது. இனி உள்ளே போக முடியாது. சில்வண்டுகள் ஓயாமல் கத்துகின்றன. அந்தச் சத்தத்தில் மணல் கிளறுவது கேட்க வழியில்லை.

காலையில் மகள் போன் எடுத்துக் கேட்பாள். பார்க்காமல் என்ன சொல்வது?