கம்பளிக்குள் இனித்த மரவள்ளி

அன்புள்ள அக்கா,

இன்று காலை கம்பளியை அவிழ்த்தேன். உள்ளேயிருந்து எழுந்த வாசம் இருக்கிறதே, அது என் மூக்கில் ஏறி, கூரைத் தகரத்தைத் தூக்கிப் பார்த்து, ஹட்டன் ஸ்டேஷனில் புறப்பட நின்ற கோச்சியைக் கொஞ்சம் தயங்க வைத்து, சிவனொளிபாத மலையைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. கொஞ்சம் பழம், கொஞ்சம் தேன், கொஞ்சம் குறும்பு. நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முழுதாக முடிந்துவிட்டது. வாழையிலைக்குள் உங்கள் மரவள்ளித் தாப்பை மட்டும் பதமாகக் கனிந்திருக்கிறது.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "கனிஞ்சிருச்சா? அப்ப இனி நான் ஒங்கள ஏசலாம்ல?" என்று கேட்டாள். பாவம், இரண்டு நாளாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தவள். மடை திறப்பதற்குள் உங்களுக்கு நாலு வரி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நம் இருவரையும் அறியாதவர் கையில் இது கிடைத்தால் யார் யார் என்று கேட்பார்கள். சொல்லி வைக்கிறேன். நானோ ஹட்டன் கடைவீதியின் ஒற்றை அச்சு இயந்திரத்துக்குச் சக்கரவர்த்தி. கல்யாணப் பத்திரிகை, மரண அறிவித்தல், மாரியம்மன் திருவிழா நோட்டீஸ் எல்லாம் என் கைங்கர்யம். என் மை படாமல் மலைநாட்டில் ஒருவர் பிறக்கவும் முடியாது, இறக்கவும் முடியாது. நீங்கள் ஜாவாவில் பிறந்தவர். தேயிலை இயந்திரம் பழகுவதற்காக அந்தப் பக்கம் போன நம்மூர் மலாய்க்காரர் ஒருவர், இயந்திரத்தோடு உங்களையும் பழகிக்கொண்டு கப்பலேறி வந்தார். அவர் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர் ஆனார். உங்கள் பெயர் ஒருவர் வாயிலும் நுழையாததால் நீங்கள் ஜாவா அம்மா ஆனீர்கள். கொழுந்தெடுக்கும் பெண்களிடம் தமிழ் படித்தீர்கள். அதனால் உங்கள் தமிழில் இலக்கணம் குறைவு, வசவு தாராளம். எது வசவு, எது வணக்கம் என்று பிரித்தறிய உங்களுக்கே சில வருடங்கள் பிடித்தன.

எழுபதுகளின் நடுவில் வந்த பஞ்சத்தைத் தனியாக வர்ணிக்க வேண்டியதில்லை. அரிசி கூப்பனுக்கு அளந்து வந்தது. கோதுமை மா வந்தால் வந்தது. பேக்கரியில் பாண் வாங்கக் கியூவில் நின்ற இளைஞன் தாடி நரைத்து வீடு திரும்பினான். மரவள்ளிக்கிழங்கு மட்டும் மலை மலையாகக் கிடைத்தது. காலையில் அவித்த மரவள்ளி, பகலில் அதே மரவள்ளி, பொழுது சாய்ந்தால் பகலில் மிஞ்சிய மரவள்ளி. தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளைகள் கிழங்கைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொண்டன. பசியில் அழுகிற குழந்தை, சோறில்லை கிழங்குதான் என்றதும் அழுகையை நிறுத்தி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதைப் பார்க்கத்தான் சகிக்காது.

அந்தக் காலத்தில்தான் ஒரு நாள் குடையை உதறிக்கொண்டு என் அச்சகத்துக்குள் வந்தீர்கள்.

"தம்பி, புஸ்தகம் ஒன்னு போடணும்."

"யாரப் பத்திங்க அக்கா?"

"மரவள்ளியப் பத்தி."

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. உங்கள் ஊரில் இதே கிழங்கை இடிப்பார்கள், துருவுவார்கள், பொரிப்பார்கள், தேங்காயும் கருப்பட்டியும் சேர்த்துப் பிசைவார்கள், இலையைக்கூடத் தேங்காய்ப் பாலில் போட்டு வேகவைப்பார்கள் என்று மளமளவென்று அடுக்கினீர்கள். அவிக்கிறதைத் தவிர ஒன்றும் அறியாத தமிழன் என்று என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள். அன்றைக்கே நான் உங்கள் அடிமை.

ஆனால் நீங்கள் போட்ட சட்டம் இருக்கிறதே, பாராளுமன்றம்கூட அப்படி ஒன்றைத் துணிந்து போட்டதில்லை. ஹட்டன் சந்தையில் கிடைக்காத சாமான் எதுவும் புத்தகத்தில் வரக்கூடாது. லயத்து விறகடுப்பில் சமைத்துப் பார்க்காதது வரக்கூடாது. பிள்ளைகள் தின்னாதது வரவே கூடாது. சோதித்துச் சொல்ல நீங்கள் பிடித்த ஆள் பெருமாயி. கொழுந்தெடுப்பதில் புலி, நாக்கில் இரண்டு புலி. எதைக் கொடுத்தாலும் முகத்தைச் சுளிப்பாள். அவளுடைய ஆகப் பெரிய பாராட்டு, "திங்கலாம்."

முதல் நாளே மரவள்ளியில் இஞ்சியைத் தட்டிப் போட்டீர்கள். பெருமாயி சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டாள். மரவள்ளிக்கும் இஞ்சிக்கும் ஆகாது, சேர்த்துத் தின்றால் விஷம் என்பது இந்த நாட்டில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாகத் தின்கிறோமே என்றீர்கள். "அதான் ஒங்க ஊர்ல ஆளில்லாம இங்க வந்துட்டீங்களோ" என்றாள். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். அந்த நாளோடு புத்தகம் முழுவதிலிருந்தும் இஞ்சி நாடு கடத்தப்பட்டது.

எல்லாம் முடிந்து தாப்பை ஒன்றுதான் மிஞ்சியது. மரவள்ளியை அவித்து ஆறவைத்து, ஊரிலிருந்து உங்கள் அம்மா கட்டிக் கொடுத்த, அரிசிமாவில் தட்டிக் காயவைத்த வெள்ளை நொதி வில்லை ஒன்றைப் பொடித்துத் தூவி, வாழையிலையில் பொதிந்து வைத்தால், இரண்டு மூன்று நாளில் கிழங்கு தானாக இளகி, தானாக இனித்துவிடும் என்றீர்கள். சீனி வேண்டாம், கருப்பட்டி வேண்டாம். சீனியின் முகமே மறந்துபோன காலத்தில் இதைக் கேட்ட எனக்கு மயக்கம் வராத குறை. ஒரே ஒரு கட்டளை மட்டும் உண்டு. தாப்பை கனிகிற வரைக்கும் வீட்டில் கோபம் கூடாது, சண்டை கூடாது. "கோவத்துல தொட்டா கல்லும் புளிக்கும் தம்பி" என்பீர்கள். உங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாரும் கடைப்பிடிக்கிற வழக்கமாம்.

ஆனால் இது ஜாவா இல்லையே, ஹட்டன். இங்கே கொதிக்கிற தேநீரே கோப்பைக்குள் குளிருக்கு ஒடுங்கி உட்காரும். வைத்த பொதியெல்லாம் கல்லு மாதிரிக் கிடந்து வீணாகியது. ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு வில்லை போயிற்று. பழைய வில்லையைப் பொடித்து அரிசிமாவில் சேர்த்துப் புதிது தட்டினால், அது காய்வதற்குள் மூடுபனியில் பூஞ்சணம் பிடித்தது. தாப்பையை விட்டுவிடுங்கள் அக்கா, படாத பாடு பட்டுத் தேடிய அச்சுக் கடதாசி மக்கிப்போகிறது, இருக்கிறதை வைத்து அடித்துவிடுவோம் என்று கெஞ்சினேன்.

"மத்ததெல்லாம் வயித்துக்கு தம்பி. இது பிள்ளைங்க சிரிக்கிறதுக்கு. இது இல்லாட்டி புஸ்தகம் வேணாம்" என்று சொல்லிவிட்டீர்கள்.

அப்போதுதான் உங்கள் கணவர் வீரச் செயல் புரிந்தார். தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும் என்பதால், தலையில் மல்லிகைப்பூ வைத்த பெண்ணைக்கூடத் தொழிற்சாலை ஸ்டோருக்குள் விடாத மனுஷர் அவர். அப்படிப்பட்டவர், தேயிலை காயவைக்கும் டிரையருக்குப் பக்கத்தில், வெதுவெதுப்பான ஒரு மூலையில், உங்கள் பொதியை ஒளித்து வைத்தார். மலைநாட்டிலேயே குளிர் நுழையாத ஒரே இடம் அது. தாப்பை அருமையாகக் கனிந்தது. தேயிலையும்தான். கொழும்பில் தேயிலையை உறிஞ்சித் துப்பி விலை போடுகிறவர்கள், உங்கள் தேயிலையில் அன்னாசி வாசம் வருகிறதே என்று தோட்டத்துக்கு எழுதிவிட்டார்கள். லண்டனில் மகாராணி ஒரு மிடறு குடித்துவிட்டு, பழத்தட்டு எங்கே என்று கேட்டதாக நான் ஊருக்குள் சொன்னது என் சொந்தச் சேர்க்கை.

தோட்டத்துத் துரை டீமேக்கரைக் கூப்பிட்டு நிறுத்தினார். நீங்கள் ஒரு பொதியோடு போய் அவர் மேசையில் வைத்து, குற்றவாளி என் புருஷன் இல்லை, இந்தக் கிழங்குதான் என்று சிங்களத்தில் வாதாடினீர்களாம். துரைக்குச் சிரிப்பு வந்ததாம், அடக்கிக்கொண்டாராம். இன்னொரு தடவை நடந்தால் வேலையும் இல்லை, குவார்ட்டர்ஸும் இல்லை என்று சொல்லி அனுப்பினார். டிரையர்க் கதவு தாப்பைக்கு அடைபட்டது.

அன்று உங்கள் வீட்டில் நடந்த சண்டைக்கு நான் நேரடிச் சாட்சி. "ஒன் மரவள்ளியால என் பேரு போச்சு" என்றார் அவர். நீங்கள் மலாயில் பதில் சொன்னீர்கள். எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. அதனால் அது மிகக் கொடியது என்று நிச்சயமாகச் சொல்வேன். கோபத்தோடே கிழங்கை அவித்துப் பொதிந்தீர்கள். அது புளித்து, பார்க்கவே கூசுகிற நிறத்தில் கிடந்தது. "கை வச்சப்பவே தெரியும்" என்றீர்கள். டப்பாவில் ஒரே ஒரு வில்லை பாக்கி. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபடியே இருந்தீர்கள். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து உங்களோடு வந்தவற்றில் அம்மாவின் கைபட்டதாக எஞ்சியது அது ஒன்றுதான்.

பெருமாயி வேலை விட்டு, தோளில் கம்பளியோடு உள்ளே வந்தாள். விஷயம் கேட்டாள். கையை நீட்டினாள்.

"குடுங்க அத. நான் எங்க வீட்டுக்குக் கொண்டு போறேன்."

"ஒங்க வீட்டுக்கா? ஒங்க வீட்டுல தெனம் சண்டையாச்சே" என்றீர்கள்.

"அதுனாலதாங்கம்மா கேக்குறேன்."

பெருமாயியும் அவள் புருஷனும் போடுகிற சண்டை கொட்டகலை வரை கேட்கும். காற்று அடித்தால் வலப்பனையிலும் கேட்கும். அந்த வீட்டுக்கு, அக்கா, நீங்கள் கடைசி வில்லையைப் பொடித்துக் கொடுத்தீர்கள். அவள் கிழங்கை அவித்து, பொடியைத் தூவிப் பொதிந்து, கம்பளியில் சுற்றி, அடுப்புக்கு மேலே விறகு காயப் போடும் பரணில் ஏற்றினாள். வில்லையின் பொடியில் ஒரு சிட்டிகையை அரிசிமாவில் பிசைந்து, புது வில்லை தட்டிப் பக்கத்தில் வைத்தாள். பிறகு புருஷனிடம் திரும்பினாள். "இது கனியிற வரைக்கும் ஒரு வார்த்த பேசப்புடாது. பேசுனா ஜாவா அம்மா பொஸ்தகம் நின்னு போயிரும், ஆமா."

அந்த மனிதருக்கு அவ்வளவு பெரிய பொறுப்பை அதுவரை யாரும் கொடுத்ததில்லை. தும்மல் வந்தால்கூட வாசலுக்குப் போய்த் தும்மினார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்றபோது கங்காணி கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். வீட்டுக்குள் யாருக்கோ நோவு என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து விபூதி வந்தது.

பொதியைத் திறந்த அன்று நீங்கள், உங்கள் கணவர், நான் மூவரும் பரணுக்குக் கீழே பிள்ளைகளோடு பிள்ளைகளாக நின்றோம். வாசம் முதலில் வந்தது. கிழங்கென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பெருமாயியின் கடைக்குட்டி, விரலால் தொட்டு நக்கியது. இன்னொரு தரம் தொட்டது. பிறகு கழுத்தெல்லாம் சாறு வழியச் சிரித்தது. நீங்கள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, புகை என்றீர்கள். அடுப்பில் அப்போது நெருப்பே இல்லை. பெருமாயியின் புருஷன் விரதம் முடித்துப் பேசிய முதல் வார்த்தை, "இன்னும் இருக்கா?" பெருமாயி இலையைச் சுத்தமாக வழித்து நக்கிவிட்டு நம்மைப் பார்த்தாள்.

"திங்கலாம்" என்றாள்.

பரணில் தட்டி வைத்த புது வில்லைகளும் வெள்ளை வெளேரென்று காய்ந்திருந்தன. கடைசிப் பக்கம் நிறைந்தது. சண்டை கூடாது என்ற வரி சமையல் புத்தகத்தில் எதற்கு என்று என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். "உப்பு எவ்வளவுன்னு போடுறீங்கல்ல, அதே மாதிரி இதையும் போடுங்க" என்றீர்கள். போட்டேன். பொட்டலம் கட்டுகிற கடதாசியில்தான் அடித்தோம். அதற்குப் பிறகு எந்த லயத்திலாவது குடித்துவிட்டுக் கத்திக்கொண்டு வருகிற புருஷனிடம், "தாப்ப வச்சிருக்கேன்" என்றால் போதும், கத்தல் தொண்டையிலேயே நின்றது. பாதி வீடுகளில் பரண் வெறுமையாக இருந்தது என்பது பெண்களுக்கு மட்டும் தெரிந்த இரகசியம். பொலிஸ்காரர்கள் வழக்கில்லாமல் காய்கறித் தோட்டம் போட்டார்கள் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அதில் பாதி உண்மை.

எண்பதுகளின் தொடக்கத்தில் பெருமாயியின் குடும்பத்துக்குக் குடியுரிமை ஒப்பந்தப்படி இந்தியா போகச் சீட்டு வந்தது. ஸ்டேஷனே அழுதுகொண்டு கோச்சியை அனுப்பியது. நீங்கள் அழவில்லை. அவள் முந்தானையில் வில்லைகளை முடிந்துவிட்டு, "அங்கயும் குளிருதாம், பரண் கட்டு" என்றீர்கள். மறு வருடம் நீலகிரிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் வாயிலாக ஒரே ஒரு சொல் வந்து சேர்ந்தது. திங்கலாம் என்று சொல்லச் சொன்னாளாம்.

உங்களை அடக்கம் செய்த அன்று தோட்டத்துக்கு வந்தேன். மரண அறிவித்தலை நானே அடித்தேன். எழுத்துகளைக் கோர்க்க வழக்கத்தை விட அதிக நேரம் எடுத்தது. லயங்களைக் கடந்து நடந்தபோது ஒரு சத்தமில்லை. ஒரு புருஷன் கத்தவில்லை, ஒரு பெண் ஏசவில்லை, பிள்ளைகள்கூட மெல்லப் பேசின. அக்கா, அன்றைக்கு எந்த வீட்டுப் பரணிலும் தாப்பை இல்லை.

என் தங்கை மகள் கொத்மலைக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிறாள். நகை கேட்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன், வில்லை கேட்டாள். அதற்காகத்தான் இந்தத் தடவை வைத்துப் பார்த்தேன். வில்லை உயிரோடுதான் இருக்கிறது. உங்கள் அம்மாவின் கையிலிருந்து உங்கள் கைக்கு, அங்கிருந்து பெருமாயியின் பரணுக்கு, பரணிலிருந்து என் தகர டப்பாவுக்கு வந்தது, நாளைக்கு ஒரு புதுப்பெண்ணின் பெட்டிக்குள் பயணம் போகும்.

மனைவி கதவருகில் இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். இரண்டு நாள் ஏசல் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஒன்று மட்டும் அவளுக்கு இன்னும் தெரியாது. இந்த மடலை எழுத உட்காரும் முன்னே இன்னொரு பொதியைக் கம்பளியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டேன்.