சாக்கடைக்கு அடியில் ஜாயிண்ட் இல்லை, அக்கா

கோபம் வந்தால் என் காதைத் திருகிவிட்டு, கொஞ்ச நேரத்தில் எனக்கே முதல் சோறு போடும் என் அக்காவுக்கு,

நாளைக்கு உனக்கு முதல் வருஷத் திதி. உள்ளே எல்லோரும் வடையா, அதிரசமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் உனக்குப் பைப்பைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதே. உன்னைக் கொண்டுபோனதே ஒரு பைப்புதான்.

டைபாய்டு என்றார்கள். எங்கிருந்து வந்தது என்று நீ போன பிறகுதான் தெரிந்தது. தெருச் சாக்கடைக்கு அடியில் உன் வீட்டுக்கு வந்த இரும்புக் குழாயைத் தோண்டிப் பார்த்தோம். ஜாயிண்ட் இற்றுப்போய்க் கிடந்தது. குழாயில் தண்ணீர் வராத நேரமெல்லாம் சாக்கடை உள்ளே இறங்கியிருக்கிறது. கடலூர் உப்பு மண்ணில் இரும்பு எத்தனை காலம் தாங்கும்? யாராவது ஒரு தரம் பார்த்திருந்தால்?

பெரியவர்கள் இதைப் பேசியதையெல்லாம் உன் மகள் மல்லிகா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அன்றிலிருந்து கண்ணெதிரே கொதிக்க வைத்தால்தான் ஒரு வாய் குடிப்பாள். பள்ளிக்கூடத்தில் பச்சைத் தண்ணீரைத் தொடமாட்டாள், கொதிக்க வைத்துக் கொடுக்க அங்கே ஆளும் கிடையாது. போன மாதம் வகுப்பிலேயே மயங்கி விழுந்துவிட்டாள். "ஒடம்புல தண்ணியே இல்ல. இப்படியே வுட்டா கிட்னி போயிடும்" என்று டாக்டர் மச்சானைத் திட்டி அனுப்பினார்.

அவளிடம் கெஞ்சிப் பார்த்தோம். கடைசியில் சொன்னாள், "ஜாயிண்டே இல்லாத பைப்பு போடுங்க மாமா. அப்ப குடிக்கிறேன்."

அங்கேதான் எனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் சண்டை ஆரம்பித்தது.

மச்சான் துறைமுகத்தில் குழாய் மாட்டுகிற ஃபிட்டர் இல்லையா, பழைய நீராவிப் படகு ஒன்றை உடைத்தபோது கிடைத்த செம்புக் குழாய்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று கூடத்தில் அடுக்கியிருந்தார். "செம்புல கிருமி நிக்காது மாப்ள. எங்கம்மா காலத்துல இருந்து செம்புக் கொடத்துலதான் குடிக்கிறோம்."

நான் கறுப்பு பிளாஸ்டிக் குழாய்தான் என்றேன். சிதம்பரத்தில் நான் வேலை பார்க்கும் பம்புசெட் கடையில், காட்டுமன்னார்கோயில் விவசாயிகள் வாங்கிப் போவது. சுருளாக வரும், நீளமாக ஒரே குழாய். செம்பு என்றால் துண்டு துண்டாக ஒட்ட வேண்டும், அதில் ஒரு ஒட்டு சாக்கடைக்கு அடியிலேயே விழும்.

"பிளாஸ்டிக்கா? எலி கடிச்சா என்னா பண்ணுவ? நாத்தம் வேற ஜாஸ்தி. நான் ஈயம் வச்சிப் பத்தவச்சா காலத்துக்கும் அசையாது."

"பழைய ஜாயிண்டுக்கும் நீங்க இதத்தான் சொன்னீங்க."

ஆமாம், அப்படியே சொன்னேன். நீ கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன வருஷம் அந்த இரும்புக் குழாயை மாட்டியது அவர் கைதான். மனுஷன் கையிலிருந்த செம்புக் குழாயை மெல்லக் கீழே வைத்தார். நீ இருந்திருந்தால் அன்றைக்கு என் காது பிய்ந்திருக்கும்.

மறுநாள் விடியும்போது மச்சான் வீட்டில் இல்லை. சிதம்பரம் பஸ் ஏறிவிட்டார். நான் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் காலையில் கனெக்‌ஷன் கொடுக்க ஆள் வருவதாக ஏற்பாடு. வண்டி போகிற தெரு, அதற்கு மேல் பள்ளத்தைத் திறந்து வைக்க முடியாது.

சாயங்காலம் வந்தார். தோளுக்கு ஒன்றாக இரண்டு கறுப்பு வளையம். முகமெல்லாம் சிரிப்பு. "பெரிய சுருளு, ஏத்த முடியாதுன்னுட்டான் கண்டக்டரு. வுடுவேனா? ரம்பம் வாங்கி ரெண்டா அறுத்துட்டேன்!"

எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது அக்கா. "ஐயோ மச்சான், ஜாயிண்டு வேணாம்னுதான இத வாங்கறோம்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். எங்கள் கடையில் இருந்ததே அந்த ஒரு சுருள்தான்.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தோளில் வளையத்தோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "நான் எதத் தொட்டாலும் இப்படித்தான் ஆவுது" என்றார். அழுதுவிடுவாரோ என்று பயந்து நானே ஒரு துண்டை எடுத்துப் பள்ளத்தில் இறக்கினேன். எட்டுமா? தெருக் குழாயிலிருந்து சாக்கடை அடியில் புகுந்து, முற்றம் கடந்து, சமையலறைச் சுவர் ஏறி முழங்கால் உயரத்தில் நின்றது. சாக்கடைக்கு அடியில் ஜாயிண்ட் விழாது, விழுந்தாலும் கண்ணுக்குத் தெரிகிற சுவரில்தான்.

மேலே சமையலறைக் குழாய் வரை ஏற்ற மற்றொரு துண்டை ஒட்ட வேண்டுமே? மச்சான் எழுந்து உள்ளே போனார். தன் செம்புக் குழாயில் ஒரு சாண் அறுத்து வந்தார். வெந்நீரில் பிளாஸ்டிக்கின் வாயை இளக்கி இரண்டு பக்கமும் அதன் மேல் ஏற்றி, கம்பி கட்டி முறுக்கினார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டேன்.

அதன் மேல் சிமெண்ட் பூசி மறைத்துவிடலாம், மல்லிகாவிடம் ஜாயிண்டே இல்லை என்று சொல்லிவிடலாம் என்றேன். மச்சான் என்னை முறைத்தார். "மறைச்ச ஜாயிண்டுலதான் அவ அம்மா போனா."

மறுநாள் தண்ணீர் வந்ததும் மகளைக் கூப்பிட்டு அவள் விரலைப் பிடித்து அந்தச் செம்பின் மேல் வைத்தார். "இதான் ஜாயிண்டு. வேற எங்கயும் கெடயாது. தெனம் நீயே தொட்டுப் பாரு. ஈரமா இருந்தா குடிக்காத."

அவள் குடிக்கவில்லை. காலையில் தொட்டாள், மாலையில் தொட்டாள், விரலை முகர்ந்தாள், போய்விட்டாள். தினமும் இதே கதை. மச்சான் அவள் எதிரில் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போவார்.

இன்று காலை நான் வாசலில் வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து மச்சான் கத்தினார். பதறிக்கொண்டு ஓடினேன். மல்லிகா காலி டம்ளரோடு குழாயடியில் நின்றிருந்தாள், சட்டையெல்லாம் ஈரம். மச்சான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். "இன்னொரு டம்ளர் கேக்குறா மாப்ள."

அந்த இடத்தை யாரும் பூச விடமாட்டேன் அக்கா. மச்சானுக்குக் கண் மங்கிப்போனால் அந்த ஜாயிண்டை நான் தொட்டுப் பார்ப்பேன்.

திருகக் காதை வைத்துக்கொண்டு காத்திருக்கும் உன் தம்பி,
மல்லிகாவின் தாய்மாமன்.