பதிமூன்றில் முப்பது சதவீதம்

ஜனவரி 15, செவ்வாய்

லேவார்டன் சந்தையில் இரண்டாவது சீஸ் கடை போட வேண்டுமென்றால் வியாபாரக் கணக்கில் தேர்வு எழுத வேண்டுமாம். இருபது வருடமாக நிற்கிறேன், எனக்கே லாப நட்டச் சதவீதம் சொல்லித் தருகிறார்கள்! காலையில் எட்டுக் கணக்குப் போட்டேன். எட்டும் சரி.

கடையில் என்கூட நின்ற வீபே வேலையை விட்டுப் போய் நான்கு நாள். வெள்ளிக்கிழமைகளில் நாலு மணிக்கு நான் வேனை எடுக்கப் போவேன். கடைசி ஒரு மணி நேரம் அவன் தனியாக நின்று, முப்பது சதவீதம் தள்ளுபடி என்று கூவி விற்பான். வாங்கின விலை கிலோ பத்து யூரோ. அதன்மேல் முப்பது சதவீதம் வைக்கிறோம்; அதே முப்பதைக் கழித்தால் வாங்கின விலையாவது வந்துவிடும். அப்படியிருக்க, நவம்பரிலிருந்து வாராவாரம் ஐம்பது யூரோ எப்படிக் குறையும்? எல்லார் முன்னாலும் கேட்டேன். "ஒன்பது வருஷம் கூட நின்னுட்டு என் கல்லாவுலயே கை வைப்பியா?"

ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போனான். திருடியவன் என்ன பேசுவான்?

ஜனவரி 18, வெள்ளி

கடைசி ஒரு மணி நேரம் நானே நின்றேன். விற்றது அறுபது கிலோ. அறுநூறு யூரோ இருக்க வேண்டும். ஐந்நூற்று நாற்பத்தாறுதான் இருக்கிறது. மூன்று முறை எண்ணினேன். என் கை தவிர வேறு கை படாத பணம் — எங்கே போயிற்று?

ஜனவரி 19, சனி

புத்தகத்தில் பதினேழாவது கணக்கு. ஒரு நாற்காலிக்கு இருபது சதவீதம் கூட்டி விலை வைத்து, இருபது சதவீதம் தள்ளுபடியில் விற்றால்? லாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்று எழுதினேன். பின்பக்க விடையில் நான்கு சதவீதம் நட்டம் என்றிருந்தது. அச்சுப்பிழை என்று நினைத்தேன். சீஸை வைத்துப் போட்டுப் பார்த்தேன்.

பத்து, பதிமூன்று. பதிமூன்றில் முப்பது சதவீதம் மூன்று யூரோ தொண்ணூறு. மிச்சம் ஒன்பது யூரோ பத்து. கிலோவுக்குத் தொண்ணூறு சென்ட் நட்டம். அறுபது கிலோவுக்கு ஐம்பத்து நான்கு.

கடவுளே. ஏத்தினது பத்து மேல, இறக்கினது பதிமூணு மேல. நவம்பர்ல தள்ளுபடியை எழுதி மாட்டினதே நான். ஐயோ, அவனை என்ன சொல்லிட்டேன்!

ஜனவரி 20, ஞாயிறு

தள்ளுபடி அட்டையைக் கிழித்துப் போட்டேன்.

ஜனவரி 25, வெள்ளி

எதிரே ஹெர்ரிங் மீன் கடையில் வீபே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். சத்தமாகவே சொன்னேன். "வீபே எடுக்கல. என் கணக்குதான் தப்பு." மீன்காரி சீட்ஸ்கே சிரித்தாள். "அடேயப்பா, இருபது வருஷமா நிக்கிறவளுக்குச் சதவீதம் வரலையாம்!"

வீபே நிமிரவில்லை. "ஒரு வாட்டி என்கிட்ட உக்காந்து கணக்குப் போட்டிருக்கலாமே, ஔக்யே."

"திரும்பி வந்துடேன்."

"மீன் வாடை பழகிடுச்சு."

பிப்ரவரி 1, வெள்ளி

தேர்வில் தேறிவிட்டேன்.

சந்தை கலைகிற நேரத்தில் வீபே வந்தான். அரைக் கிலோ கிராம்புச் சீஸ் கேட்டான். வேண்டுமென்றே கொஞ்சம் பெரிதாக வெட்டினேன். "அரைக் கிலோதான் கேட்டேன்" என்றான். குறைத்தேன். சரியான சில்லறையை எண்ணி வைத்தான். ஆனால் நகரவில்லை.

"ரசீது குடு."

சந்தைக்காரர்கள் ஒருவருக்கொருவர் ரசீது கேட்பதில்லை. "நமக்குள்ள எதுக்கு ரசீது, வீபே?"

"நாளைக்கு யாராவது கேட்டா காட்டணும்ல."

எழுதிக் கொடுத்தேன். தொகையைச் சரிபார்த்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மீன் கடைக்குப் போனான்.