கிளாரிசாவின் முட்டை

ஈஸ்டர் விருந்துக்குப் பிள்ளைகள் வர இன்னும் நேரமிருந்தது. பேட்ரிக் குளித்துக்கொண்டிருந்தான். சாப்பாடு எடுக்கக் கிளம்பிய ஜோவான், ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டுவதற்கு ஒரு சீட்டை நிதானமாக எழுதினாள்:

“என்னங்க, கறிபாப்பும் மீகூன் நூடுல்ஸும் எடுத்துட்டு வர்றேன். பூனையை ரூம்ல போட்டுப் பூட்டுங்க. முட்டையெல்லாம் அவிச்சு, கலரடிச்சு, பேர் எழுதியாச்சு. தேடுறப்ப பெரிய பிள்ளைங்களே அள்ளிட்டுப் போயிடுதுங்க, அதான் ஆளுக்கொரு பேர். ஒளிச்சு வைக்கிறது உங்க வேலை. எங்க வச்சீங்கன்னு மட்டும் மறந்துடாதீங்க. போன வருஷம் கால்ல போடுற சப்பாத்துக்குள்ள வச்சு வீடே நாறிப்போச்சு லா!”

பேனாவை மூடப்போனவள் நிறுத்தினாள். மீதியை வாயால் சொன்னால் சண்டை வரும். எழுதிவிட்டால் அவன் சீட்டோடுதான் சண்டை போட வேண்டும். அடியில் நெருக்கி எழுதினாள்:

“மஞ்சள் முட்டையில கிளாரிசா பேர் இருக்கும். ஆமா, உங்க தம்பி மகதான். நீங்களும் செபாஸ்டியனும் பேசாமலே இருந்துட்டுப் போங்க, பிள்ளை என்ன பண்ணுச்சு? அவளுக்கு எட்டுற மாதிரி தாழ்வா வைங்க.”

தாளில் இடம் தீர்ந்தது. அதைச் சாய்த்துப் பிடித்து ஓரத்தில் சேர்த்தாள்:

“உங்க தம்பி குடும்பம் வந்தா கேட்டை நீங்கதான் திறக்கணும். நான் வேணும்னே லேட்டாத்தான் வருவேன்.”