எட்டு பி-க்கு வெயில் வேண்டும்

ஜூலை 6, 93. செவ்வாய்

நல்ல வெயில். ஆடுகளத்தில் கோடு போடச் சுண்ணாம்பு வந்துவிட்டது. ஆடத்தான் ஆள் இல்லை. எட்டு பி-யின் விளையாட்டுப் பீரியடை இன்றும் கணக்கு சரோஜா டீச்சர் வாங்கிக்கொண்டார். "போர்ஷன் முடியல ரேவதி, இந்த ஒரு தடவ குடும்மா." ஜூன் முழுக்க இதே ஒரு தடவைதான்.

மதியம் பள்ளியில் கண் முகாம். எட்டு பி-யில் எல்லோருக்கும் பார்வை சரியாம்! கரும்பலகையைக் கண் சுருக்கிப் பார்க்கும் கலைவாணிகூட எழுத்து அட்டையைக் கடகடவென்று ஒப்பித்தாள். எனக்கு இடிக்கிறது.

ஜூலை 7, புதன்

புழுக்கம். தலைவலி. செருப்பு வார் வேறு அறுந்தது.

முகாம் இன்றும் உண்டு. கலைவாணியைக் கூட்டிப்போய், அதே வரியைக் கடைசி எழுத்திலிருந்து படிக்கச் சொன்னேன். திருதிருவென முழித்தாள். அப்புறம் அழுகை. வரிசையில் நிற்கும்போதே, முன்னால் இருப்பவள் சொல்வதைக் கேட்டு வகுப்பே அட்டையை மனப்பாடம் செய்திருக்கிறது! நாங்கள் பழக்கிய படிப்பு.

"கண்ணாடி போட்ட பொண்ண எவன் கட்டுவான்னு அம்மா கேட்டுகினே கீது டீச்சர்."

பதின்மூன்று வயது! பற்றிக்கொண்டு வந்தது.

மறுபடி சோதித்தார்கள். பதினோரு பேருக்குக் கிட்டப்பார்வை. ஏன் இத்தனை பேர் என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "பரம்பரையா இருக்கலாம். புத்தகத்த கிட்ட வச்சே படிக்கறது, வெளிச்சத்துல நடமாடாதது, இதுவும் இருக்கலாம். உறுதியா சொல்ல முடியாதும்மா. வெளிய விடுங்க, நஷ்டமில்ல."

கலைவாணிக்குக் காலை டியூஷன், பள்ளி, மாலை டியூஷன். மேலே வெயில் படுவது கொரட்டூர் ரயில்வே கேட்டில் நிற்கும் நேரம்தான். வெள்ளிக்கிழமை பீரியடை யாருக்கும் தருவதாக இல்லை.

ஜூலை 9, வெள்ளி

மூன்றாம் பீரியட். சரோஜா டீச்சர் சாக்பீஸோடு வந்தார். வகுப்பு வாசலில் நின்றுகொண்டேன்.

"குடுக்க மாட்டேன் டீச்சர்."

"பரீட்சையில கோட்டை விட்டா நீயா பதில் சொல்லுவ?"

"சொல்றேன். கண்ணுக்கு நீங்க சொல்லுங்க."

விடுவிடுவென்று எச்.எம். அறைக்குப் போனார். நான் பிள்ளைகளை வெளியே இறக்கினேன். என்ன கூச்சல்! கலைவாணி ஒரு பந்தையும் பிடிக்கவில்லை, சிரித்துக்கொண்டே ஓடினாள். கண்ணாடி திங்கட்கிழமை வரும். அவள் அம்மாவிடம் நானே போய்ப் பேச வேண்டும்.

மாலை எச்.எம்.-இடமிருந்து மெமோ. யார் அனுமதியில் வகுப்பை வெளியே கூட்டிப்போனாய், விளக்கம் தா. இப்போதே எழுதிவிட்டேன், ஒரே வரி: மூன்றாம் பீரியட் விளையாட்டு என்று டைம்டேபிளில் இருக்கிறது, கையெழுத்து தங்களுடையது.